சந்திரமௌலியின் திருத்தப்பட்ட கருத்து

சந்திரமௌலி காலமான பதிமூன்றாம் நாள், சுபம் முடிந்து உறவினர்கள் இலை போடக் காத்திருந்த நேரத்தில், அவர் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பெறுபவரேதான் கையெழுத்திட வேண்டும் என்றார் தபால்காரர். பெறுபவர் இல்லை என்று சொன்னதும் கூடத்தில் மாலை போட்டிருந்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மனைவி போட்டால் போதும் என்று ஒப்புக்கொண்டார். இந்த விவகாரத்தில் அரசு ஊழியர் ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் முடிவெடுத்தது அந்த ஒரு முறைதான்.

கோமளம் பிரித்துப் படித்தாள். 'தாங்கள் 11.7.94 அன்று அளித்த கருத்து ஏற்கத்தக்கதாக இல்லை. ஏழு நாள்களுக்குள் நேரில் ஆஜராகித் தங்கள் கருத்தைச் சீர்செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே இல்லத்திரை அறிவியல் மேம்பாட்டுக் கழகம் என்ற முத்திரை இருந்தது.

வீடுகளில் அறிவியலை வளர்ப்பதற்காக அரசு தொடங்கிய கழகம் அது. முதல் மூன்று வருடம் அது தன்னையே வளர்த்துக்கொண்டது. நாற்பத்தொரு ஊழியர்களும் இரண்டு ஜீப்புகளும் சேர்ந்தபின், நான்காம் வருடம் உலகமெல்லாம் ஓடிய ஓர் அமெரிக்க விண்வெளிப் படத்தை வாங்கித் தமிழ் பேச வைத்து, 'வியாழன் முற்றுகை' என்ற பெயரில் வீடியோ கேசட்டாக வெளியிட்டது. உரிமம் பெற்ற வீடியோ லைப்ரரிகளுக்கு மட்டுமே கேசட் போனது. எடுத்துப் போய்ப் பார்த்தவர்கள் மஞ்சள் நிறப் படிவம் ஒன்றில் கருத்து எழுதித் திருப்பித் தர வேண்டும். பதினெட்டுக் கேள்விகள். கடைசிக் கேள்வி, 'தங்கள் ஒட்டுமொத்தக் கருத்து யாது?' அதற்கு இரண்டு கட்டங்கள் அச்சிட்டிருந்தார்கள். ஒன்று நிறைவு, மற்றொன்று மிக நிறைவு.

சந்திரமௌலி முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதில் டிக் அடித்து, பக்கத்தில் 'முடிவு இல்லை' என்று எழுதியிருந்தார்.

அவர் எழுதியது உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அபிராமபுரத்து வீட்டில் இருவரும் சேர்ந்துதான் படம் பார்த்தார்கள். வியாழனின் நிலவு ஒன்றில் ஒரு விண்கலம் இறங்குகிறது. பழுது பார்க்க வெளியே போன பெண் பொறியாளர் பனியில் மாட்டிக்கொள்கிறாள். கதவைத் திறந்தால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று போதாது, திறக்காவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள். தலைவன் கதவின் பிடியில் கை வைக்கிறான். அத்தோடு படம் நின்று, திரையில் வெறும் புள்ளிகள் இரைந்தன.

சந்திரமௌலி பேனா கேட்டார். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கால் மணி நேரம் கணக்குப் போட்டார்.

"காத்து போறும் கோமு. பதினொரு நிமிஷம் தாங்கும். தாராளமா திறக்கலாம்."

"அந்தப் பொண்ணு பொழைப்பாளா?"

"பொழைப்பா. அவன் தயங்காம இருக்கணும், அவ்வளவுதான்."

அந்தத் தாளையும் படிவத்தோடு குண்டூசியில் குத்தி மறுநாள் லைப்ரரியில் கொடுத்தார். நாற்பது நாள் கழித்து, காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

கடிதம் வந்த மறுநாள் குலாம் முகம்மது வந்தார். கச்சேரி சாலையில் ரூபீனா வீடியோ என்ற லைப்ரரி அவருடையது. ஒன்பது வருடப் பழக்கம். வாசலிலேயே நின்றார்.

"இந்த நேரத்துல வர்றது தப்புதான் மாமி. வேற வழி தெரியல."

"உள்ள வாங்கோ பாய். நின்னுண்டே பேசாதேங்கோ."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "கடைக்கு சீல் வெச்சிட்டாங்க மாமி. நாப்பத்திமூணு ஃபாரம் குடுத்தேன். நாப்பத்திரெண்டுல மிக நிறைவு. சார் ஃபாரம் ஒண்ணுதான் வேற மாதிரி. நூத்துக்கு நூறு வராத கடைக்கு லைசென்ஸ் இல்லன்றாங்க."

"மத்தவாளுக்கெல்லாம் படம் முழுசா வந்துதா?"

குலாம் முகம்மது தரையைப் பார்த்தார். "யாருக்கும் வரல மாமி. எல்லா கேசட்டும் அப்படித்தான். அட்டை மேல நூத்தி இருபத்தாறு நிமிஷம்னு போட்டிருக்கு. உள்ள நூத்தி எட்டுதான் கீது. ஜனங்க ஃபாரத்த வெறுமனே குடுத்திட்டு, நீங்களே போட்டுக்குங்க பாய்னு போயிட்டாங்க. நான்தான் டிக் அடிச்சேன். சார் மட்டும் உக்காந்து எழுதிக் குடுத்தாரு."

"அதையும் நீங்களே வேற ஃபாரத்துல எழுதிக் குடுத்திருக்கலாமே."

"சார் கையெழுத்து மாமி. அதுல போயி எப்படி கை வெக்கிறது."

கோமளம் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கழகம் தி. நகரில் ஒரு நகைக்கடைக்கு மேல் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே ஸ்டூலில் இருந்த பியூன் ஏகாம்பரம் அவர்களை நிறுத்தினான்.

"இன்னா மாமி, யாரப் பாக்கணும்? லிஃப்டு கீது, ஆனா மேல ஏறாது. எறங்க மட்டும்தான்."

"மேல ஏறாம எப்படிப்பா இறங்கறது?"

"அதான் யாரும் போறதில்ல. படில போங்க."

கருத்துத் திருத்தப் பிரிவில் பங்கஜம் என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசினாள். கடிதத்தைப் பார்த்துவிட்டு, "சார் வரலையா?" என்றாள்.

"அவர் காலமாயிட்டார்ம்மா."

"அடடா." உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். "எப்போ மாமி?"

"ஆகஸ்ட் இருபது."

"கருத்து ஜூலைல குடுத்திருக்கார். குடுக்கும்போது உயிரோட இருந்தார்ங்கறதுக்கு ஏதாவது சான்று இருக்கா?"

கோமளத்துக்கு அந்தக் கேள்வி விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. "ஆகஸ்ட்ல காலமானார்ன்னா ஜூலைல இருந்திருப்பாரேம்மா."

"அது எனக்குப் புரியுது மாமி. ஆனா ஃபைலுக்குப் புரியணும்." பங்கஜம் குரலைத் தாழ்த்தினாள். "கருத்து சொன்னவர்தான் அதை மாத்தலாம். அவர் இல்லைன்னா வாரிசு மாத்தலாம். வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க. சாதாரணச் சான்றிதழ் சொத்துக்குத்தான் செல்லும். கருத்துக்கு வாரிசுன்னு தனியா எழுதி வாங்கணும்."

தாலுகா அலுவலகத்தில் அப்படி ஒரு சான்றிதழ் இதுவரை கொடுத்ததில்லை என்றார்கள். கொடுக்கக் கூடாது என்றும் எங்கும் எழுதியில்லை என்பதால் மனுவை வாங்கிக்கொண்டார்கள். கருத்து அசையும் பொருளா அசையாப் பொருளா என்ற ஐயத்தில் மனு மூன்று வாரம் அசையாமல் இருந்தது. பிறகு, இறந்தவருக்கு வேறு கருத்துகள் உண்டா, அவற்றுக்குப் பங்காளிகள் உண்டா என்று விசாரிக்க ஒரு வருவாய் ஆய்வாளர் தெருவுக்கு வந்தார். எதிர் வீட்டு வக்கீல், சாருக்கு நிறையக் கருத்துகள் உண்டு என்று சாட்சி சொன்னார். அதனால் இன்னும் பத்து நாள் ஆயிற்று. புனேயில் வேலையிலிருந்த மகன் ஷ்ரவண், 'என் தந்தையின் கருத்தில் எனக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை' என்று முத்திரைத் தாளில் எழுதி அனுப்பினான். அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழுதான்.

இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

கச்சேரி சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குலாம் முகம்மது தினமும் குடையோடு போய் எதிர்ச் சாரியில் நின்று, தம் கடை ஷட்டரின் அடியில் தண்ணீர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே ஆயிரத்து நூறு கேசட்டுகள் இருந்தன. வாசலில் நாலு மணல் மூட்டை போட்டுக்கொள்ளலாமா என்று கழகத்துக்கு மனுக் கொடுத்தார். சீல் வைத்த இடத்தைத் தொடுவது குற்றம் என்று பதில் வந்தது. பங்கஜம் தானாகவே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். அது திரும்பி வந்தபோது ஓரத்தில் பச்சை மையில், 'மழை நின்றபின் பரிசீலிக்கலாம்' என்று இருந்தது.

ஒரு நாள் சான்றிதழ் பற்றிக் கேட்க வந்த குலாம் முகம்மது, "பர்மா பஜார்ல இங்கிலீஷ் கேசட் கிடைக்குது மாமி. முடிவோட. வாங்கியாரட்டா?" என்றார்.

கோமளம் யோசித்தாள். "வேண்டாம் பாய். அவர் பார்க்காததை நான் மட்டும் பார்த்து என்ன பண்றது."

சான்றிதழ் நவம்பர் கடைசியில் வந்தது. துணை இயக்குநர் தெய்வசிகாமணி நேரில் விசாரித்தார். அகலமான மேஜை, கண்ணாடிக்கு அடியில் அமைச்சரோடு அவர் நிற்கும் புகைப்படம். அறையில் ஒரு டிவியும் வீடியோ பெட்டியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. குலாம் முகம்மது நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவருகே நின்றார்.

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் படிச்சவர். ஆனா எங்க படிவத்தைச் சரியாப் படிக்கல. முடிவு இல்லைன்னு எழுதியிருக்கார். அது தகவல். நாங்க கேட்டது கருத்து. தகவல் கேட்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது."

"சார், படத்துல முடிவு இல்லைதானே? நீங்க பார்த்திருப்பேளே."

"நான் பார்க்கலம்மா. பார்த்தா எனக்கும் ஒரு கருத்து வந்துடும். அப்புறம் நான் எப்படி நடுநிலையா இருக்கறது?" அவர் பொறுமையாக விளக்கினார். "ஜூலை ஒண்ணு வெளியீடுன்னு பேப்பர்ல போட்டாச்சு. அன்னிக்கு டப்பிங்ல பதினெட்டு நிமிஷம் பாக்கி. தேதியை மாத்த முடியுமா? அமைச்சர் குடுத்த தேதி. படத்தைத்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ண முடியும். மாநிலம் பூரா பதினோராயிரம் படிவம் வந்திருக்கு. அத்தனையும் நிறைவு. இவர் ஒருத்தர் மட்டும் மாத்தி எழுதினா என்ன அர்த்தம்? பதினோராயிரம் பேர்ல இவர் ஒருத்தர்தான் படம் பார்த்தார்னு ஆயிடாதா?"

அவர் நிறுத்தினார். தாம் சொன்னதில் ஏதோ இடறியதுபோல ஒரு கணம் தெரிந்தது. ஆனால் தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது.

"பாய் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. இந்த ஒரு திருத்தம் வந்துட்டா நூத்துக்கு நூறு. ஒரு வெற்றி விழா வெச்சிருக்கோம். விழா முடிஞ்ச மறுநாள் சீலை எடுத்துடுவோம்."

"அவர் ஒரு தாள்ல கணக்குப் போட்டுச் சேர்த்துக் குடுத்திருந்தார்," என்றாள் கோமளம். "அதை மட்டும் திருப்பித் தர முடியுமா? அவர் கடைசியா எழுதினது அதுதான்."

தெய்வசிகாமணி கோப்பைத் திறந்தார். தாள் அதில்தான் இருந்தது. கோமளத்துக்கு அந்தச் சாய்ந்த எழுத்து மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

"இது அனுமதி இல்லாத இணைப்பு. அதனால இணைப்பு எதுவும் இல்லைன்னு கோப்புல பதிவு பண்ணிட்டோம். இல்லாததை எப்படிம்மா திருப்பித் தர்றது? சரி, விழாவுக்கு வாங்க. ஏதாவது செய்யறேன்."

கோப்பை மூடினார். புதிய மஞ்சள் படிவம் ஒன்றை அவள் முன்னால் தள்ளினார்.

சமையலில் உப்புக் குறைந்தால் குறைகிறது என்று சொல்லும் மனிதரோடு கோமளம் முப்பத்தாறு வருடம் வாழ்ந்திருந்தாள். புகழ வேண்டிய இடத்திலும் அவர் அளந்துதான் புகழ்வார். மகன் பெற்ற மதிப்பெண்ணைக்கூட யாரிடமும் ஒன்று கூட்டிச் சொன்னதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்ப்பது தெரிந்ததும் குலாம் முகம்மது ஜன்னலுக்கு வெளியே, மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

தெய்வசிகாமணி சொல்லச் சொல்ல எழுதினாள். 'என் கணவர் சந்திரமௌலி இப்படத்தை முடிவு வரை முழுமையாகப் பார்த்து மிக நிறைவடைந்தார்.' கையெழுத்திட்டபோது பேனா தாளைக் கிழித்தது. கிழிசல் இருந்தால் செல்லாது என்று இன்னொரு படிவத்தில் மறுபடி எழுதச் சொன்னார்கள். எழுதினாள்.

படியில் இறங்கும்போது குலாம் முகம்மது, "என்னால உங்களுக்கு இந்தப் பாவம் மாமி," என்றார்.

"சீலை எடுப்பாளோன்னோ. அது போறும்."

வெற்றி விழா டிசம்பர் பத்தாம் தேதி, தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாதஸ்வரம் இருந்தது. வாசலில் தெர்மோகோலில் செய்த விண்கலம் ஒன்றைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கோமளத்தை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். தாள் கைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் அவள் வந்திருந்தாள்.

கழகத் தலைவர் பேசினார். "உலகத்திலேயே ஒரு படத்துக்கு நூற்றுக்கு நூறு பேர் ஒரே கருத்தைச் சொன்னது நம் மாநிலத்தில்தான். அறிவியல் என்றால் என்ன? ஒரே சோதனையை எத்தனை முறை செய்தாலும் ஒரே விடை வர வேண்டும். வந்ததா இல்லையா? கருத்து மாறுபட்டவர்கள் இருந்தார்கள். நான் மறைக்கவில்லை. அவர்களை நாம் ஒதுக்கவில்லை. அன்போடு கூப்பிட்டு, உட்காரவைத்து, மாறுபடாமல் ஆக்கியிருக்கிறோம். மறைந்த பேராசிரியர் சந்திரமௌலி அவர்கள் இறந்த பிறகும்கூடத் தம் கருத்தைத் திருத்திக்கொண்ட பெருந்தன்மையாளர். உயிரோடு இருப்பவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

சிறந்த பார்வையாளர் விருது சந்திரமௌலிக்கு அறிவிக்கப்பட்டது. கோமளத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். பிறகு பட்டுத்துணி மூடிய சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். துணியை விலக்கினாள். கண்ணாடிக்குள் மஞ்சள் படிவம் இருந்தது. மேலே கணவர் பெயர், கீழே அவள் கையெழுத்து.

"அந்தத் தாள்?" என்று தெய்வசிகாமணியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"விழா முடியட்டும்மா. ரெண்டு வார்த்தை பேசுங்க."

ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள். வாழ்நாளில் அவள் மேடையில் பேசியதில்லை. சட்டம் கனத்ததால் அதைக் கீழே, காலருகே வைத்தாள்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். எங்காத்துக்காரர் இந்தப் படத்தோட முடிவைப் பார்க்கலை. கேசட்ல முடிவு கிடையாது. இதுல எழுதியிருக்கறது பொய். அவர் எழுதலை, நான் எழுதினேன். ஒருத்தர் கடையை அடைச்சு வெச்சிருந்ததால எழுதினேன். இங்க இத்தனை பேர் உட்கார்ந்திருக்கேள். உங்கள்ல யாராவது முடிவைப் பார்த்திருந்தா கையைத் தூக்குங்கோ."

யாரும் தூக்கவில்லை. பிறகு தெய்வசிகாமணி எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். தலைவர் தட்டினார். மண்டபமே தட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவரை இழந்த துயரத்திலும் விழாவுக்கு வந்து நெகிழ்ந்து பேசியதற்குத் தலைவர் நன்றி சொன்னார். நாதஸ்வரம் எழும்பியது. கோமளம் மேலும் ஏதோ சொன்னாள். அது யாருக்கும் கேட்கவில்லை.

தாளைப் பற்றிக் கேட்க அவள் திரும்பியபோது தெய்வசிகாமணி தலைவரை வழியனுப்ப ஜீப்பருகே போய்விட்டிருந்தார். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டதால், அதிலிருந்த தேவையற்ற காகிதங்கள் அன்று காலையே கழிக்கப்பட்டுவிட்டன என்று பங்கஜம்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

மறுநாள் சீலை அகற்றினார்கள். அந்த ஒரு வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். ஷட்டரைத் தூக்கியதும் ஈர வாடை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டு இரண்டும் சேற்றில் ஊறியிருந்தன. மேல்தட்டுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் மூன்று மாதப் புழுக்கத்தில் நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. குலாம் முகம்மது ஒரு கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பத்துப் பதினைந்து பார்த்தபின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கோமளம் மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் வந்தாள். ஒவ்வொரு கேசட்டாகத் திருகாணி கழற்றி, நாடாவை மெல்லிய துணியால் துடைக்க குலாம் முகம்மதுவின் மனைவி சகினா கற்றுக்கொடுத்தாள். பெண்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து துடைத்தார்கள். நூற்றில் எட்டு பிழைத்தது.

ஒரு வாரம் கழித்துப் பங்கஜம் கடைக்கே தேடிக்கொண்டு வந்தாள். வீடு பூட்டியிருந்ததாம். விழாவின் நடவடிக்கைக் குறிப்பு ஒன்றை நீட்டினாள். அதில் ஏழாவது பத்தி, 'பேராசிரியரின் துணைவியார், தம் கணவர் இறுதி நாள்களில் இப்படத்தின் முடிவைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசியதை நினைவுகூர்ந்தார். அவையோர் ஒருமனதாக ஆமோதித்தனர்' என்று சொன்னது.

"நான் அப்படிச் சொல்லலையே. நீயும் அங்கதானே இருந்தே."

"இருந்தேன் மாமி."

"நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

"போட வேண்டாம் மாமி." பங்கஜம் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஆட்சேபணை இருந்தா எழுதித் தரலாம். ஆனா சொல்லாததை மறுத்து எழுத எங்ககிட்ட படிவம் கிடையாது. வெறும் தாள்ல எழுதினா வாங்க மாட்டாங்க. எதுவும் தரலைன்னா பதினஞ்சு நாள்ல சம்மதம்னு எடுத்துக்குவாங்க."

கோமளம் குறிப்பை மடித்துப் பங்கஜத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பங்கஜம் போகும்முன் ஒரு துணியை எடுத்து நாலு கேசட்டுகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

கோமளம் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத் தாளில் இரண்டு முறை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள், இரண்டும் பிரிக்காமல் திரும்பி வந்தன. பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு, கழகம் திறந்தபோது, விதிப்படி அவள் சம்மதித்தாள்.